மண்டபம் ஊர்க்குப் பொது
(சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



திருத்தணிகை வேலன் திருவருள் நிழலில் வாழும் ஊர்களுள் ஒன்று அம்மையார்குப்பம். தறியொலியோடு பொழுது புலரும் நெசவூர் இது. 1911-இல் சித்தூர் ஜில்லா அமைந்தபோது அதனுட்பட்ட திருத்தணிப் பகுதி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. எல்லைக் கற்கள் இடம் மாறின. ஊரார் ஓரிடத்திற் கூடும் வழக்கம் மாறவில்லை. ஆட்சி எதுவாயினும் ஊர் கூடுதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடமே மண்டபம் ஆகும்.

கும்பாபிஷேகத்தின்போது எல்லார் கண்ணும் விமானத்தின் உச்சியை நோக்கும், அது முறையே. ஆயினும், கருவறை இறைவன் எழுந்தருளும் இடம். மண்டபமோ அடியார் எழுந்தருளும் இடம். அடியார் திருக்கூட்டத்தைச் சிவமெனக் கண்டு வணங்குதல் சைவ நெறி. ஆகலின் மண்டபத்தைக் காத்தலும் வழிபாட்டின் ஒரு கூறேயாம்.

முன்னோர் மண்டபத்தை எவ்வெவற்றுக்குப் பயன்படுத்தினர் என்று காண்போம். காஞ்சியை அடுத்த கூரத்தில், பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்கியதைக் கூறுகின்றது. பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் ஆட்சியில், சனநாதன் மண்டபத்தில் மாணவர்க்குக் கல்வியும் உணவும் அளிக்கப்பெற்றன. நோயாளர் 15 பேர் தங்கி மருந்துண்ணும் ஆதுலர் சாலையும் அங்கு நடந்தது. படிப்பும் பசிப்பிணி நீக்கமும் உடற்பிணி நீக்கமும் ஒரு கோயிலின் கூரைக்கீழ் ஒருங்கே நிகழ்ந்தன என்பதை அன்பர்கள் உளங்கொள்ளுதல் வேண்டும்.

காஞ்சிக் குமரகோட்டத்து மண்டபமோ முருகனடியார் அனைவர்க்கும் உரியது. கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடம் அது. இறைவனே முதலடி எடுத்துக் கொடுத்தான் என்பது வரலாறு. அங்ஙனமிருந்தும், முதற் செய்யுளின் சொற்புணர்ச்சிக்கு இலக்கணம் யாது என்று அவையில் ஒருவர் வினவினார். அவரை எவரும் வெளியேற்றவில்லை. அரங்கேற்றம் நின்றது. சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தில் விதி காட்டிய பின்னரே தொடர்ந்தது என்பர். முருகன் திருவாக்கையும் வினவ இடந்தந்தது அம்மண்டபம்! வினாவுக்கு இடமுள்ளதே பொதுவிடம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, ஊர் மண்டபம் என்பதன் முழுப்பொருளையும் உத்திரமேரூரிற் காணலாம். இன்று வைகுந்தப் பெருமாள் கோயில் என வழங்கும் அவ்விடத்துக் கருங்கற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. முன்னது 919-இலும் பின்னது 921-இலும் வெட்டப்பெற்றவை. முதலில் வகுத்த விதியில் குறை கண்டு, இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்தினர் என்பது இதனாற் புலனாகும்.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. இறை செலுத்தும் கால்வேலி நிலமும், தன் மனையிற் கட்டிய வீடும் உடையவராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராய், முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்யாதவராய் இருப்போர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். சிறுவர் முதல் முதியோர் ஈறாக ஊரார் கூடியிருக்கும் மண்டபத்தில், முதிய நம்பி ஒருவர் எல்லாரும் காணக் குடத்தை உயர்த்திக் காட்டுவார். ஏதுமறியாத பாலகன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பார். விரல் விரித்தது எதற்கு? கையுள் வேறோலை இல்லையென ஊர் அறிதற்கு! இங்ஙனம் தேர்ந்தோர் சம்வத்சர வாரியம் 12 பேர், தோட்ட வாரியம் 12 பேர், ஏரி வாரியம் 6 பேர் என அமர்ந்து 360 நாள் பணி செய்தனர்.

யாவற்றினும் சிறந்த விதி ஒன்றுண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர். அவர்தம் நெருங்கிய உறவினரும் உரியர் அல்லர். பொதுப்பொருளைக் கையாள்வோர் கணக்குக் காட்டுதலை முன்னோர் அறமாகவே கொண்டனர். அதனால் அன்றோ அதனை ஏட்டில் எழுதாது கல்லில் வெட்டினர்!

அதன் குறையையும் மறைத்தல் அறமன்று. அது வேதியர் ஊர்ச்சபை. நிலமில்லார்க்கும் பெண்டிர்க்கும் உழைக்கும் மக்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. கோயில் வாயிலே பலருக்கும் அடைபட்டிருந்த காலமும் உண்டு. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் மதுரைத் திருக்கோயிலில் அவ்வாயில் திறந்தது. 1947-இல் சென்னை மாகாணத்து ஆலயப்பிரவேசச் சட்டம் அதனை உறுதி செய்தது. 919-இன் விதியை 921-இல் திருத்திய மரபின் வழிவந்தோர், பின்னும் திருத்திக்கொள்ள நாணுதல் வேண்டா.

இந்நாளில் புதிது புதிதாக மண்டபங்கள் எழுகின்றன. உபயதாரர் பெயர்கள் சலவைக்கல்லில் ஒளிர்கின்றன, நன்று. ஆயின் திருமண வாடகைக்கு மட்டும் திறந்து, ஏனை நாளெல்லாம் பூட்டிக் கிடப்பது ஊர் மண்டபம் ஆகுமோ? வாடகை தரவியலாத ஏழைநெசவாளி தன் மகள் மணத்திற்கு வந்து கேட்கும்போது, அவன் குலமும் கையிருப்பும் நோக்காது கதவு திறத்தல் வேண்டும். திருமுறை ஓதலும் புராண விரிவுரையும் அங்கே நிகழ்க; மாலையிற் சிறுவர் படிக்க; மழைவெள்ளத்தில் வீடிழந்தோர் தங்குக. ஆண்டுக்கொரு முறை, மண்டபத்தின் வரவுசெலவு அம்மண்டபத்திலேயே ஊர் கேட்க வாசிக்கப்பெறுக. வினவுவோரைப் பகைவராக எண்ணற்க.

நெசவறிந்த ஊரார்க்கு இது எளிதில் விளங்கும். அசையாது நீண்டு நிற்கும் பாவு மட்டும் ஆடை ஆகாது. ஊடை போய்வந்தால்தான் ஆடையாகும். கல்லும் தூணும் பாவு. ஊரார் போக்குவரவே ஊடை. உபயதாரர் பாவு தந்தனர். இனி ஊடை இடுவது ஊரார் கடன். அக்கடன் வழுவாது நடைபெறத் தணிகைப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக!

திருச்சிற்றம்பலம்