பழைய மாணவர் ஒருவரின் திரும்பிய பார்வை
(பள்ளி முன்னாள் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய மாணவர் கூடும் அவையில் பேசப்படுவன பெரும்பாலும் மூன்றே செய்திகள். யார் எந்தப் பதவியில் இருக்கிறார், யார் எந்த நாட்டில் இருக்கிறார், யார் எவ்வளவு ஈட்டுகிறார் என்பன அவை. இவற்றைக் கேட்டு இளைய மாணவர் வியப்பர், வியந்தபின் கலைவர். இப்பள்ளியில் படித்தபோது எந்தச் சொல் என் உள்ளத்தில் விழுந்தது, எந்த மொழியில் விழுந்தது, அது எப்படி முளைத்தது என்று எடுத்துச் சொல்வார் அரியர். அவ்வாறு எடுத்துச் சொன்ன ஒரு பழைய மாணவரைப் பற்றியதே இன்றைய பேச்சு. அவர் தமிழர் அல்லர், சப்பானியர். பெயர் தொசிகிதே மசுக்காவா.

2008-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள். சுவீடன் நாட்டுச் சுட்டாக்கோம் நகரம். அவ்வாண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு மூவர்க்கு வழங்கப்பெற்றது. பாதி யோயிச்சிரோ நம்புவுக்கு; மறுபாதி மக்கோட்டோ கோபயாசிக்கும் மசுக்காவாவுக்கும் பங்கிடப்பட்டது. பரிசு பெறுவோர் உலகறிஞர் முன் உரையாற்றுவது மரபு. மசுக்காவா மேடையேறினார். தமக்கு ஆங்கிலம் பேச வராது என்று பொறுத்தருளக் கேட்டுக்கொண்டார். அதன்பின் தம் தாய்மொழியிலேயே உரை முழுவதையும் நிகழ்த்தினார். கேட்போர்க்கு ஆங்கில வடிவம் திரையில் காட்டப்பெற்றது. 1968-இல் இலக்கியப் பரிசு பெற்ற கவாபத்தா யாசுனாரி சப்பானிய மொழியில் உரையாற்றினார். அதன்பின் 40 ஆண்டுகள் கழித்து அம்மொழி மீண்டும் அவ்வரங்கில் ஒலித்தது.

அன்று அவர்க்கு அகவை 68. அதுவரை அவர் கடல் கடந்ததில்லை, கடவுச்சீட்டே வைத்திருந்ததில்லை. முதன்முறையாக வெளிநாடு சென்றதே அப்பரிசைப் பெறத்தான்.

அவ்வுரையில் அவர் தம் கண்டுபிடிப்பின் நுட்பங்களை மட்டும் அடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். தந்தையையும் தாயையும் பள்ளியையும் ஆசானையும் எண்ணிப் பார்த்தார்.

அவர் 1940-இல் நகோயா நகரில் பிறந்தவர். தந்தையார் அறைகலன் செய்யும் தொழிலர். போருக்குப் பின் சருக்கரை வணிகத்தில் இறங்கியவர். மின்துறையில் தேர்ந்தவராக வேண்டுமென்று இளமையில் ஆசைப்பட்டு, அது கைகூடாதவர். அந்த ஆசை அவரை விட்டு நீங்கவில்லை. பொதுக் குளிப்பகத்திற்கு மகனை அழைத்துப் போகும் வழியில் அவர் அறிவியல் பேசுவார். மின்னோடி எப்படிச் சுழல்கிறது? கதிரவ மறைப்பும் நிலா மறைப்பும் திங்கள்தோறும் ஏன் நிகழ்வதில்லை? நடந்துகொண்டே விளக்குவார். சருக்கரை விற்கும் தந்தை தெருவில் நடந்தபடி வானியலை விளக்க முடிந்தது என்றால், அவர் வாயில் வழங்கிய மொழியில் அதற்குரிய சொற்கள் இருந்தன என்பது பொருள். இதை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள்.

மகனோ வீட்டுப்பாடம் செய்யாதவன். தாயார் ஒருமுறை ஆசிரியரைக் கண்டு, எப்போதாவது வீட்டுப்பாடம் கொடுக்கக்கூடாதா என்று கேட்டாராம். நாள்தோறும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், உங்கள் மகன்தான் செய்வதில்லை என்று விடை வந்ததாம். இதையும் மறைக்காமல் அவையறியச் சொன்னார் அப்பேரறிஞர். மதிப்பெண்ணால் உயர்ந்த மாணவர் அல்லர் அவர். அறியும் வேட்கையால் உயர்ந்தவர்.

அடுத்து அவர் பயின்றது நகோயாவின் கோயோ உயர்நிலைப் பள்ளி. அங்குப் படித்துக்கொண்டிருந்த நாளில்தான் அவர் வாழ்வின் திருப்பம் நேர்ந்தது. பெரிய நிகழ்ச்சி ஒன்றுமில்லை. அச்சில் வந்த ஒரு செய்தியைப் படித்தார், அவ்வளவே. நகோயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோயிச்சி சகாட்டா 1955-இல் புதிய கொள்கை ஒன்றை முன்வைத்திருந்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டுவந்த துகள்கள் பலவும் மூன்றே அடிப்படைத் துகள்களின் சேர்க்கையால் ஆனவை என்பது அக்கொள்கை. அதைப் பற்றிய செய்திதான் மாணவர் மசுக்காவாவின் கைக்கு எட்டியது.

அதுவரை அவர் என்ன எண்ணியிருந்தார்? அறிவியல் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்து முடிக்கப்பட்ட ஒன்று. பிறர் ஆக்கி வைத்ததைப் படித்து ஒப்பிப்பதே மாணவர் வேலை என்று எண்ணியிருந்தார். அச்செய்தி அவ்வெண்ணத்தை உடைத்தது. அறிவியல் இன்றும் ஆக்கப்பட்டு வருகிறது! அதுவும் தான் வாழும் ஊரிலேயே ஆக்கப்பட்டு வருகிறது! அப்பணியில் தானும் சேரவேண்டும் என்ற வேட்கை அன்றே பிறந்தது.

ஆசிரியப் பெருமக்களே! ஒரு மாணவனுக்குக் கல்வி தரக்கூடிய பேறுகளுள் இதனினும் பெரியது உண்டா? அறிவு வேற்றூரில் வேற்று மொழியில் விளைந்து, விலைக்கு வந்து இறங்கும் சரக்கு என்று எண்ணும் மாணவன் அதை நுகர்வோனாகவே நின்றுவிடுவான். அது தன் ஊரிலும் விளையும், தன் மொழியிலும் விளையும் என்று அறிந்த மாணவனே உழவனாக வயலில் இறங்குவான்.

தந்தையார் மகன் தம் வணிகத்தை ஏற்கவேண்டும் என விரும்பினார். மகனோ 1958-இல் நகோயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெற்றபின் மேலாய்வுப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு வந்தது. செருமன் மொழித் தேர்வில் வெற்றுத் தாளையே கொடுத்தார். ஏனை அயன்மொழி விடையும் மிகத் தாழ்ந்தே இருந்தது. இவரைச் சேர்க்கலாமா கூடாதா என்று பேராசிரியர் அவையில் சொற்போர் நடந்தது. கணக்கிலும் இயற்பியலிலும் ஒப்பற்றவராக இருக்கிறார். அயன்மொழியைச் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளட்டும் என்று முடிவு செய்து சேர்த்துக்கொண்டனர். அன்று அயன்மொழியை அறிவுக்கு அளவுகோலாக வைத்திருப்பின், உலகம் ஓர் இயற்பியல் அறிஞரை இழந்திருக்கும்; சருக்கரைக் கடைக்கு ஒரு வணிகர் கிடைத்திருப்பார்.

சகாட்டாவின் ஆய்வுக்குழுவும் தனித்தன்மை உடையது. அவ்வியற்பியல் துறை 1946-இலேயே மக்களாட்சி நெறிப்படி இயங்குவதென எழுத்தில் வகுத்துக்கொண்டது. அங்குப் பேராசிரியரையும் ஆசான் என்னும் பட்டத்தால் அழையாமல், எல்லார்க்கும் பொதுவான மதிப்புச் சொல்லைப் பெயரோடு சேர்த்தே அழைப்பர். கருத்துக்கு முன் மூத்தோரும் இளையோரும் ஒருநிகர். அங்குதான் மசுக்காவா 1967-இல் முனைவர் ஆனார்.

பின்னர்க் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். நகோயாவில் தமக்குப் பின் பயின்ற கோபயாசி 1972-இல் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டனர். பொருளும் எதிர்ப்பொருளும் முற்றும் ஒத்த நெறியில் இயங்குவதில்லை என்பது 1964-இல் ஆய்வால் தெரியவந்திருந்தது. ஏன் அவ்வாறு? கரணியம் விளங்கவில்லை. பொருளின் மூலத்துகளாகிய குவார்க்கு அன்று மூவகையே அறியப்பட்டிருந்தது. நான்கு வகை உண்டெனக் கொண்டு இருவரும் கணக்கிட்டுப் பார்த்தனர், பொருந்தவில்லை. நான்கால் இயலாது என்றே எழுதி முடித்துவிடலாம் என மசுக்காவா எண்ணியிருந்த ஒரு மாலையில், குளியல் தொட்டியினின்று எழும்போது, ஆறு எனக் கொண்டால் அமையுமே என்ற எண்ணம் பளிச்சிட்டது. 1973-இல் ஆறே பக்கத்தில் கட்டுரை வெளிவந்தது.

மூன்றே தெரிந்த காலத்தில் ஆறு என்றார்கள். உலகம் உடனே பொருட்படுத்தவில்லை. 1974-இல் நான்காவது கண்டறியப்பட்டது, 1977-இல் ஐந்தாவது, 1995-இல் ஆறாவது. 2001-இல் சப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த பேராய்வுகள் அவர்கள் சொன்ன நெறி மெய்யே என நிறுவின. எண்ணம் பிறந்ததற்கும் பரிசு வந்ததற்கும் இடையே ஏறத்தாழ 36 ஆண்டுகள்.

இனி, எண்ணிப் பார்க்கவேண்டிய வினா ஒன்று உண்டு. நகோயாவின் பள்ளி மாணவனுக்கு அணுவினும் நுண்ணிய துகளைப் பற்றிய புத்தம் புதுச் செய்தி அவன் தாய்மொழியில் எப்படி எட்டியது? அது தானே நிகழ்ந்ததா? இல்லை. அதற்கு முன் இரண்டு மூன்று தலைமுறையினர் உழைத்திருந்தனர்.

1872-இல் மோரி அரிநோரி என்னும் சப்பானியத் தூதர் அமெரிக்க மொழியறிஞர் விட்னிக்கு மடல் எழுதினார். சப்பானிய மொழி புத்தறிவுக்குப் போதாது. ஆங்கிலத்தையே எளிமைப்படுத்தி நாட்டில் புகுத்தலாம் என்பது அவர் எண்ணம். விட்னியே அதை ஏற்கவில்லை. 1873-இல் பாபா தத்சுயி என்னும் இளைஞர், தம் மொழிக்கு இலக்கணம் உண்டு, திறம் உண்டு என்று காட்ட, இலண்டனில் நூலே எழுதி வெளியிட்டு மறுத்தார். தாய்மொழி போதாது என்னும் குரல் எல்லா நாட்டிலும் எழுகிறது; ஆனால் அதற்கு நாடு தரும் விடையில்தான் வேற்றுமை.

1877-இல் தோக்கியோப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கும் பாடம் நடத்தியோர் பலர் அயல்நாட்டாரே. நடத்திய மொழிகளும் அயன்மொழிகளே. சப்பானியர் அந்நிலையை நிலையென்று கொள்ளவில்லை. கடக்கவேண்டிய படியென்றே கொண்டனர். 1883-இல் இயற்பியலறிஞர்கள் சொல்லாக்கத்திற்கென்றே கூடினர். ஒவ்வொரு சொல்லாக எடுத்து ஆய்ந்தனர். 1888-இல் சப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் என நான்கு மொழிக்குமான இயற்பியற் சொற்றொகுதி அச்சேறியது. அம்மரபு தொடர்ந்தது. மின்துகளைத் ‘தென்சி’ என்றனர். மூலத்துகளைச் ‘சோரியூசி’ என்றனர். ஆகவேதான் 1955-இல் செய்தி எழுதியவர்க்குச் சொல் தேடித் திகைக்க வேண்டியிருக்கவில்லை; படித்த மாணவர்க்கும் பொருள் தேடித் திகைக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் ஆக்கிய அச்சொற்களுள் மிகப் பல சீன வேர்களினின்று ஆனவை என்பதையும் இங்குக் குறிக்கவேண்டும். தமிழுக்கோ வேரைக் கடன் வாங்கவேண்டிய வறுமையும் இல்லை. மின், துகள், கரு, அலை, விசை, ஒளி என வேண்டுவன எல்லாம் வீட்டிலேயே உள்ளன. குறைவது சொல் அன்று. அச்சொல்லை வழங்கும் வாயும் எழுதும் கையுமே.

ஒரு தடை எழுப்பப்படலாம். அந்த ஆறு பக்கக் கட்டுரை ஆங்கிலத்தில்தானே வந்தது என்பர். ஆம், ஆங்கிலத்தில்தான் வந்தது. அதற்கு ஆங்கில வடிவம் தந்தவர் கோபயாசி. உலகறிஞர்க்கு அறிவிக்க ஆங்கிலம் பயன்பட்டது. அதை யாரும் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் எண்ணியதும், ஐயுற்றதும், நாள்தோறும் வழக்காடியதும் தாய்மொழியில். விளைந்த நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். வண்டியிலேயே நாற்று நடமுடியாது.

பரிசுக்குப் பின் அவர் சீனத்திற்கும் கொரியாவிற்கும் சென்றபோது, சப்பானியர் எவ்வாறு இத்தகைய பரிசுகளைப் பெறுகின்றனர் என்று அங்குள்ளோர் வினவினர். சப்பானில் ஆய்வின் முனைவரை தாய்மொழியிலேயே கற்க முடிவதுதான் கரணியமாக இருக்கலாம் என்பது அவர்களே கண்ட விடை. 2014-இல் செய்தித்தாளுக்கு அளித்த நேர்காணலில் இதை அவர் எடுத்துரைத்தார். 2021 சூலையில், 81-ஆம் அகவையில், கியோட்டோவில் மறைந்தார்.

பழைய மாணவர்களே! உங்களுள் மருத்துவர் உண்டு, பொறிஞர் உண்டு, வேளாண்மையும் வணிகமும் தேர்ந்தவர் உண்டு. பள்ளிக்குக் கட்டடம் தருகிறீர்கள், நாற்காலி தருகிறீர்கள். அவை வேண்டியவையே. அவற்றோடு இன்னொன்றும் தாருங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வந்து, நீங்கள் செய்யும் தொழிலை, நீங்கள் கண்ட புதுமையை, இம்மாணவர்க்கு நல்ல தமிழில் விளக்குங்கள். சொல் கிடைக்காத இடத்தில் தமிழாசிரியரோடு அமர்ந்து ஆக்குங்கள். விளக்கியதை எழுதி அச்சிட்டுப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.

ஆசிரியர்களே! கிழமைக்கு ஒரு புதிய அறிவியற் செய்தியேனும் தமிழில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். எல்லாரும் படிக்கமாட்டார்கள். வீட்டுப்பாடம் செய்யாமல் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவன் படிப்பான். அவன் ஒருவன் போதும்.

மாணவச் செல்வங்களே! தமிழில் படித்தால் முன்னேற முடியுமா என்று எவரேனும் உங்களைக் கேட்டால், கடவுச்சீட்டின்றியே 68 ஆண்டுகள் வாழ்ந்து, ஆறு பக்கத்தில் உலகின் அடிப்படையைச் சொன்ன நகோயா மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நாட்டார் அவர்க்குச் சொல்லை ஆக்கி வைத்திருந்தார்கள். உங்களுக்கு ஆக்கி வைக்கவேண்டியது பெரியவர்கள் கடமை; அதை உரிமையோடு கேட்டுப் பெறவேண்டியது உங்கள் கடமை.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!