தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று



நம் தருமபுரி மாவட்டத்துப் பாறைகளிலிருந்து கரையும் புளோரைடு, நிலத்தடி நீரில் கலந்து குழந்தைகளின் பற்களைக் கறைப்படுத்துகிறது. நாளடைவில் எலும்பையும் முடக்குகிறது. அதற்கு நிறமில்லை; நாற்றமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவே மிகும்.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்நீர் குடிக்கத் தகாது. படிகாரமும் சுண்ணாம்பும் அளவாக இட்டுக் கலக்கித் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையால் இதனைக் குறைக்கலாம். அடியில் தங்கும் கசடைக் கிணற்றருகே கொட்டலாகாது.

2013-ஆம் ஆண்டு முதல் ஒகேனக்கல் திட்டத்தால் காவிரி நீர் பெறுகிறோம். ஆயினும் குழாய் நின்ற நாளில் பழைய ஆழ்குழாய்க் கிணற்றையே நாடுகிறோம்.

ஆகவே, கிணறுதோறும் நீரைப் பரிசோதிப்போம். தகாதவற்றிற்குச் சிவப்பு வண்ணம் தீட்டுவோம். அந்நீர் துணி துவைக்க உதவட்டும். நம் குழந்தைகளின் குவளைக்கு வேண்டா.