ஈரக்காற்று போதுமா?

சிங்கப்பூரின் கேலாங் சிராய் சந்தைப் பக்கம் காலையிலேயே உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். இவ்வளவு ஈரமான ஊரில் குழந்தைக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எக்ஸிமா என்ற தோல் நோய் வருகிறது. ஈரக்காற்றே மருந்தென்றால் இந்தக் கணக்கு வராது. கோளாறு காற்றில் இல்லை, தோலின் மேலடுக்கில் இருக்கிறது. ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணு பழுதானால் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடும் என்று 2006-இல் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படிப்பட்ட தோலிலிருந்து நீர் வெளியேறும். வியர்வையும் சோப்பும் உறுத்தும். ஏர்கான் மேலும் உலர்த்தும்.

ஆகவே வெதுவெதுப்பான நீரில் சுருக்கமான குளியல், ஒற்றித் துடைத்ததும் வாசனை சேர்க்காத களிம்பு. பாட்டி தேய்த்த எண்ணெய் போதாதா? எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். சுத்தமான தேங்காயெண்ணெய் லேசான, நடுத்தர எக்ஸிமாவுக்கு உதவியதாக 2014-இல் வந்த பிலிப்பைன்ஸ் ஆய்வு சொல்கிறது. ஆலிவ் எண்ணெயோ தோலின் காப்பைக் குலைப்பதாக 2013-இல் வந்த பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. ஸ்டீராய்டு களிம்பு என்றாலே பயம் வேண்டாம்; மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசினால் பாதுகாப்பானதே. பயந்து விட்டுவிட்டால் குழந்தை சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும். நீர் கசிந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.