பனிக்காட்டுக் கதையும் அந்தமான் காடும்

அந்தமான் தீவுகளில் பனி உறைவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி மழை. எஞ்சிய நாட்களில் வெயிலும் கடற்காற்றும். படாக் மரமும் குர்ஜன் மரமும் வானளாவி நிற்கும் இக்காடுகளில், வெண்பனி போர்த்த மரம் ஒன்றையேனும் நாம் காண முடியாது. ஆயினும் இத்தீவுகளில் வளரும் குழந்தைகளும் உறைபனிக் காட்டைப் பற்றிய மாயக் கதைகளை விரும்பிப் படிக்கின்றனர். நாட்டிலே குழப்பம், அரசுரிமை பற்றிப் பூசல், அதனிடையே ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ பனிக்காட்டிற்குள் தனியே செல்ல நேருகிறது. அங்கே ஏதோ ஓர் ஆற்றல் அவருடைய தகுதியைச் சோதிக்கிறது. தேறியவர் பெருமையுடன் திரும்புகிறார். தேறாதவர் காட்டிலேயே மறைந்து போகிறார்.

இக்கதைகளின் சுவையை மட்டும் பேசி முடிப்பது நம் நோக்கம் அன்று. காட்டிலே மனிதரின் தகுதி சோதிக்கப்படுவது இத்தீவுகளுக்குக் கற்பனை அன்று, வரலாறு. கதையின் சோதனையையும் வரலாற்றின் சோதனையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் குழந்தைகளுக்கு நாம் எதைச் சொல்ல வேண்டும் என்பது ஒருவாறு விளங்கும்.

முதலில் கதையைக் கேட்போம். ருஷ்ய நாட்டில் அஃபனாசியெவ் என்ற அறிஞர் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து 1855 முதல் 1863 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அத்தொகுப்பில் உறைபனியே ஒரு கிழவனாக உருக்கொண்டு வரும் கதை ஒன்று உண்டு. மாற்றாந்தாய் ஒருத்தி, தன் கணவனுடைய முதல் மனைவியின் மகளைக் கடுங்குளிரில் காட்டிலே விட்டுவரச் சொல்கிறாள். எதிர்த்துப் பேசத் துணிவில்லாத தந்தை, அவளைச் சறுக்குவண்டியில் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் விட்டுத் திரும்புகிறான். கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு உறைபனிக் கிழவன் வருகிறான். 'பெண்ணே, உனக்கு வெதுவெதுப்பாக இருக்கிறதா?' என்று வினவுகிறான். நடுங்கும் உதடுகளால் அவள் 'வெதுவெதுப்பாகவே இருக்கிறது' என்று பணிவுடன் விடை சொல்கிறாள். அவன் குளிரை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே மீண்டும் கேட்கிறான்; விடை மாறவில்லை. இறுதியில் அவன் மனம் இளகி, கம்பளியாடையும் செல்வமும் கொடுத்து அவளைக் காக்கிறான். இதைக் கண்ட மாற்றாந்தாய் தன் சொந்த மகளையும் அதே மரத்தடிக்கு அனுப்புகிறாள். அவளோ குளிர் தாங்காமல் கிழவனைக் கடிந்து பேசுகிறாள். உறைந்து மாண்டு போகிறாள்.

கதை அழகானதே. ஆனால் சற்று நின்று சிந்தித்தால் ஓர் ஐயம் எழாமற் போகாது. குளிரில் சாகும் நிலையிலும் 'குளிரவில்லை' என்று சொல்வதுதானா தகுதி? 'குளிர்கிறது' என்ற உண்மையைச் சொன்னவளுக்கு மரணம்தானா கூலி?

நம் நாட்டுக் கதை ஒன்றையும் இதனோடு ஒப்பிடலாம். அரசிழந்து பன்னீராண்டுகள் வனவாசம் செய்த பாண்டவர்களுக்கு அவ்வாசத்தின் முடிவில் ஒரு சோதனை வருகிறது. பொய்கை நீரைக் குடிக்கச் சென்ற தம்பியர் நால்வரும் மாண்டு கிடக்கின்றனர். பொய்கைக்குரிய யட்சன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தருமன் விடை கூறுகிறான். ஒரு தம்பியை மட்டும் எழுப்புவேன், எவனை எழுப்புவது என்று யட்சன் கேட்கிறான். போருக்கு இன்றியமையாத வீமனையோ விசயனையோ தருமன் கேட்கவில்லை. குந்தியின் மக்களுள் நான் உயிரோடிருக்கிறேன். மாத்திரியின் மக்களுள்ளும் ஒருவன் வாழட்டும் என்று கூறி நகுலனைக் கேட்கிறான். யட்சனாக வந்தவன் அறக்கடவுளே. நால்வரும் உயிர் பெறுகின்றனர்.

இங்கே சோதிக்கப்பட்டது பணிவு அன்று, நடுவுநிலைமை. எனினும் இரு கதைகளுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. சோதிப்பவர் தம் சொல்லைக் காக்கிறார். தேறியவரை வாழவைத்து வீட்டிற்கு அனுப்புகிறார். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் காட்டின் கொடுமையை நாம் கதையிலே பொறுத்துக்கொள்கிறோம்.

வரலாற்றின் காட்டில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அதே ருஷ்ய நாட்டை எடுத்துக்கொள்வோம். 1825 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஜார் ஆட்சிக்கு எதிராகப் படை அதிகாரிகள் சிலர் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டில் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் சைபீரியாவின் உறைபனி நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். அவர்களை அங்கே எந்தக் கிழவனும் கம்பளியோடு எதிர்கொள்ளவில்லை. செல்வத்தையும் பட்டங்களையும் துறந்து பின்தொடர்ந்து சென்ற சில மனைவியரே அவர்களுக்கு வெதுவெதுப்பாயினர்.

அஃபனாசியெவின் கதைகள் அச்சேறி வந்த அதே ஆண்டுகளில்தான் நம் தீவுகளிலும் ஒரு கொடிய காட்டுச் சோதனை தொடங்கிற்று. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கில ஆட்சி, 1858 மார்ச் 10ஆம் நாள் 200 கைதிகளைப் போர்ட் பிளேர் துறைமுகத்தில் இறக்கிற்று. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருக்கும் ஊர் அதுவே. கைதிகளுக்குத் தலைவராக வந்தவர் வாக்கர் என்ற மருத்துவர். முன்பு ஆக்ராவில் சிறை அதிகாரியாக இருந்தவர். கைதிகள் கால் விலங்கோடு காட்டை வெட்ட வேண்டும். மழையிலும் சேற்றிலும் அட்டைக்கடியிலும் வேலை செய்ய வேண்டும். தப்பியோடினாலோ, முன்னே அறியாத காடு, பின்னே கடல்.

முதல் மூன்று மாதங்களின் கணக்கு ஏட்டில் இருக்கிறது. வந்து சேர்ந்தோர் 773 பேர். மருத்துவமனையில் இறந்தோர் 64. தப்பிச் சென்று மீளாதோர் 140. தற்கொலை செய்துகொண்டவர் ஒருவர். தப்ப முயன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டோர் 87. எஞ்சியவர் 481 பேர். கதையில் தேறாதவள் ஒருத்தியே. இங்கே மூன்று மாதத்தில் 292 பேர். அவர்களிடத்தில் எந்தத் தகுதி குறைந்திருந்தது என்று கேட்டால் விடை சொல்வார் யார்?

தப்பிச் சென்றோருள் துத்நாத் திவாரி என்ற சிப்பாயும் ஒருவர். 1858 ஏப்ரலில் ராஸ் தீவிலிருந்து தெப்பத்தில் தப்பியோர் கூட்டத்தோடு சென்றவர் அவர். உடன் சென்றோர் காட்டில் மாண்டனர். அம்பு தைத்துக் கிடந்த அவரை அந்தமானியப் பழங்குடியினர் கொல்லாமல் விட்டனர். தம்மோடு வைத்துக்கொண்டு, பெண்ணும் கொடுத்தனர். ஓராண்டுக் காலம் அவர் அவர்களுள் ஒருவராக வாழ்ந்தார். காடு அழிக்கப்படுவதைக் கண்டு கொதித்த அப்பழங்குடியினர், 1859 மே மாதத்தில் அபர்டீன் குடியேற்றத்தைத் தாக்கப் புறப்பட்டபோது, திவாரி முன்னே ஓடிவந்து ஆங்கிலேயருக்குச் செய்தி சொன்னார். வில்லும் அம்பும் துப்பாக்கியின் முன் தோற்றன. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஊர் திரும்பினார்.

இவர் தேறினாரா, தோற்றாரா? உயிர் கொடுத்தவர்களைக் கைவிட்டார் என்பது உண்மை. தாக்கப்படவிருந்த இடத்தில் அவரைப் போன்ற கைதிகளும் இருந்தனர் என்பதும் உண்மை. கதையின் அளவுகோலால் இவரை அளக்க முயன்றால் அளவுகோல்தான் முறியும். ஆனால் ஒன்று தெளிவு. அந்நாளில் தகுதியை மெய்யாகவே காட்டியவர்கள், அம்பு தைத்துக் கிடந்த அந்நியனைத் தம்முள் ஒருவனாக ஏற்றுக்கொண்ட அக்காட்டு மக்களே.

அம்மக்களிடத்திலும் ஒரு சோதனை முறை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே அதிகாரியாயிருந்த மான் என்பவரும், 1906 முதல் 1908 வரை ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரௌன் என்ற மானிடவியலாரும் அதனை விரிவாக எழுதி வைத்துள்ளனர். பிள்ளைப் பருவம் நீங்கும் ஆண்மக்களும் பெண்மக்களும் கடலாமை இறைச்சி, தேன், பன்றிக் கொழுப்பு முதலிய விருப்பமான உணவுகளை நெடுங்காலம் விலக்கி நோன்பிருக்க வேண்டும். பின்னர் ஒவ்வொன்றாக நோன்பு முடிக்கப்பெறும். அந்த வேளையில் இளைஞன் பேசாமலும் உறங்காமலும் அமர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவன் தனியே விடப்படுவதில்லை. சுற்றத்தார் அவனைச் சூழ்ந்து பாடித் துணையிருப்பர். விலக்கியிருந்த உணவை மூத்தோர் தம் கையாலேயே அவனுக்கு ஊட்டுவர். பிறகு கூத்து நிகழும். பருவமெய்திய பெண்ணுக்கோ, அப்பொழுது காட்டிலே பூத்திருக்கும் மலரின் பெயரைச் சூட்டுவர்.

சோதனை என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் நாம் கண்டதில்லை. சோதிப்பவர் தாமும் அதே நோன்பை நோற்றவர்; சோதனைக்கு எல்லை உண்டு; முடிவில் விருந்து உண்டு; சோதிக்கப்படுபவனை இழப்பதற்காக அன்று, தம்மோடு சேர்த்துக்கொள்வதற்காகவே அச்சோதனை. அம்மரபினரின் கதி என்னாயிற்று? குடியேற்றத்தோடு வந்த தட்டம்மையும் மேகநோயும் அவர்களை வாரிக்கொண்டு போயின. பெரிய அந்தமானியர் என்று அழைக்கப்படும் அம்மக்கள் 1901ஆம் ஆண்டுக் கணக்கில் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர். அவர்களுள் போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். இன்று எஞ்சியிருக்கும் சிறு கூட்டத்தினர் பெரும்பாலும் ஸ்ட்ரெயிட் தீவில் வாழ்கின்றனர்.

இனி, காட்டை அழித்து எழுந்த கட்டடத்திற்கு வருவோம். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறை, ஏழு சிறகுகளும் ஏறத்தாழ எழுநூறு தனிக்கொட்டடிகளும் கொண்டது. மாடு இழுக்கும் செக்கை அங்கே மனிதர் இழுத்தனர். தேங்காய் மட்டையை அடித்து நார் உரித்தனர். 1933 மே மாதத்தில் அங்கிருந்த அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கினர். அவர்கள் கேட்டவை அரியவை அல்ல: உண்ணத்தக்க உணவு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகமும் செய்தித்தாளும். அதிகாரம் குழாய் வழியே பாலை வலிந்து புகட்டிற்று. மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் அம்மாதத்திலேயே உயிர் நீத்தனர். மகாவீர் சிங்கின் நுரையீரலில் அப்பால் புகுந்ததே அவர் இறப்பிற்குக் காரணம். நோன்பு 46 நாட்கள் நடந்தது. கோரிக்கைகளுள் பல நிறைவேறின. 1937இல் மீண்டும் ஓர் உண்ணாநோன்பு எழுந்தது. நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. 1938 தொடக்கத்திற்குள் அரசியல் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர்.

காட்டிலே நோன்பு முடித்த இளைஞனுக்கு ஊட்டிய கையையும், சிறையிலே நோன்பிருந்தவருக்குப் பாலைப் புகட்டிய கையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் உணவு கொடுத்த கைகளே. ஒன்று மனிதனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மற்றொன்று அவனை முறிக்க முயன்றது.

பனிக்காட்டுப் பெண் குளிரைத் தாங்கிக்கொண்டு 'குளிரவில்லை' என்றாள். கதை அவளைப் போற்றிற்று. செல்லுலார் சிறையில் இருந்தவர்களும் தாங்கினர். ஆயினும் 'எங்களுக்குக் குளிர்கிறது. இது அநீதி' என்று உரக்கச் சொன்னார்கள். அக்கதையின்படி அவர்கள் தோற்றவர்கள். வரலாற்றின்படி, உறைபனியையே சற்று இளகச் செய்தவர்கள்.

நம் தலைவர்களின் நினைவுநாட்களில், சிறைதான் அவர்களைப் புடம் போட்டது, துன்பம்தான் அவர்களை உயர்த்தியது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. அதில் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் அவ்வாறு பேசும்போது, புடம் போட்டவனுக்கும் ஒரு பங்கு நன்றியைக் கொடுத்து விடுகிறோம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களுடைய தகுதி சிறைக்கு வருமுன்னரே அவர்களிடம் இருந்தது. கணக்கில் வந்த அந்த 292 பேருள் எத்தனையோ பேரிடமும் அது இருந்திருக்கும்; அதை வெளிக்காட்ட அவர்களுக்கு மூன்று மாத அவகாசமும் கிடைக்கவில்லை.

குழந்தைகள் பனிக்காட்டுக் கதைகளைப் படிக்கட்டும், அதற்குத் தடையில்லை. பொறுமையும் துணிவும் அக்கதைகளில் உண்டு. ஆனால் செல்லுலார் சிறையின் எஞ்சிய மூன்று சிறகுகளை அவர்களுக்குக் காட்டும் நாளில், ஒரு சொல் சேர்த்துச் சொல்வோம். யாரேனும் உன்னைச் சோதிக்க வந்தால், நீ தேறுவாயா என்று அஞ்சுமுன், அவர் யார், எதற்காகச் சோதிக்கிறார், நீ தேறினால் உனக்கு ஊட்ட அவர் கையில் ஏதேனும் உண்டா என்று பார். குளிரும்போது குளிர்கிறது என்று சொல்.

ராஸ் தீவின் பெயர் 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று மாற்றப்பட்டது. ஒரு காலத்தில் அதிகாரம் வீற்றிருந்த மாளிகைகளின் சுவர்களை இன்று அங்கே ஆலமர வேர்கள் பற்றிப் படர்ந்திருக்கின்றன. வெட்டப்பட்ட காடு மெல்ல மெல்லத் தன் இடத்திற்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.