நாரும் பிசினும்



இரும்புக் கம்பியொன்றைச் சிறிதே வளைத்து விட்டால் அது பழைய நிலைக்கு மீளும். மிகுதியாக வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். இவ்வாறு திரும்பி வாராத மாற்றத்தை மீளா உருமாற்றம் என்பர். உடையுமுன் உலோகம் நமக்குத் தரும் முன்னறிவிப்பு அது.

நார்களைப் பிசினிற் பதித்துச் செய்யும் கூட்டுப்பொருள்களின் இயல்பு வேறு. வைக்கோல் கலந்து குழைத்த மண்சுவரை அறிந்த நமக்கு இவற்றின் தத்துவம் புதிதன்று. 2011ஆம் ஆண்டிற் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு நிறையில் ஏறத்தாழப் பாதி இத்தகைய பொருளே. காபன் நார்களை அவற்றின் நீளவாக்கில் இழுத்தால் இறுதிவரை சீராக நீண்டு, சட்டென அறுந்துவிடும். இடையில் இளகிக் கொடுப்பதில்லை. அதே நார்களுக்கு 45 பாகை சாய்வாகப் பலகையை இழுத்தாலோ சுமையின் பெரும்பங்கு பிசினின்மேல் விழுகிறது. பிசின் வழுகும், நுண்ணிய வெடிப்புகள் கொள்ளும், இழுவையை விட்ட பின்னரும் முற்றாக மீளாது. சற்று மிகையாகச் சொன்னால், ஒரே பலகை ஒரு திசையிற் கண்ணாடி, மறு திசையிற் களிமண்.

கலைப் பட்டதாரியாகிய எனக்குச் சமன்பாடுகள் அந்நியமானவையே. ஆயினும் அவற்றின் நோக்கம் விளங்குகிறது. திசைக்குத் திசை வலிமை வேறுபடும் உலோகங்களுக்கு 1948இல் ரொட்னி ஹில் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு விதி வகுத்தார். நார்ப்பொருள்களுக்கான விதிகள் சில அவ்வழியில் எழுந்தவை. ஆனால் இங்கே இரண்டு கணக்குகள் வேண்டும். பொருள் எவ்வளவு நிரந்தரமாக உருமாறியது என்பது ஒன்று. உள்ளே சிதைந்து எவ்வளவு விறைப்பை இழந்தது என்பது மற்றொன்று. சுமையை ஏற்றியும் இறக்கியும் பலமுறை அளந்தே இவ்விரண்டையும் பிரித்தறிகின்றனர்.

இக்கணக்கில் உயிர்கள் தங்கியுள்ளன. 2023 யூன் 18இல், டைற்றானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற ‘டைற்றன்’ என்னும் நீர்மூழ்கிக் கலத்தின் காபன் நார் உடல் அத்திலாந்திக் ஆழத்தில் நொறுங்க, உள்ளிருந்த ஐவரும் மாண்டனர். முந்திய ஆண்டு யூலையில் அக்கலம் ஆழத்திலிருந்து மேலெழுந்தபொழுது பெருஞ்சத்தமொன்று கேட்டிருந்தது. உடல் எவ்வளவு ஒடுங்குகிறதென அளக்கும் கருவிகள் அதிற் பொருத்தப்பட்டிருந்தன. அச்சத்தத்தின் பின் அவற்றின் அளவீடுகள் முன்போல் அமையவில்லை என விசாரணையில் வெளிப்பட்டது. உலோகமாயின் நெளிவொன்று கண்ணிற் பட்டிருக்கக்கூடும். இங்கே அறிகுறி ஓசையிலும் எண்களிலுமே இருந்தது. அதன் பின்னரும் கலம் கடலில் இறக்கப்பட்டது.