புல் முடிந்த வழி

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், புதுவயலில் ஆற்றிய உரை)



'தேடல்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபோது செயலாளர் சற்றே திகைத்தார். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் பேசும் பொருளா இது என்று உங்களிலும் சிலர் எண்ணக்கூடும். ஓர் ஆண்டுக்கு முன்பு நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் மூன்று மாலைப் பொழுதுகள் ஒரே குதிரை வீரனிடம் தோற்றுக்கொண்டிருந்தான். அந்த விளையாட்டின் பெயர் எல்டன் ரிங். ஜப்பானில் உருவாக்கப்பட்டு 2022ஆம் ஆண்டு வெளியானது. காடும் கோட்டையும் சதுப்பும் மலையுமாக விரிந்த ஒரு கற்பனை நிலம், எத்திசையிலும் செல்லலாம். தொடக்கத்திலேயே பொற்கவசம் அணிந்த அந்த வீரன் உலவுகிறான். "அவனை வென்றுதான் தீர வேண்டுமா, வேறு வழி இல்லையா?" என்று பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். பேரன் சிரித்தான். "இருக்கிறது ஐயா. சுற்றிக்கொண்டு போகலாம். பலம் வந்த பிறகு திரும்பி வந்து பார்க்கலாம். எது இப்போது முடியும், எது முடியாது என்று நாமே தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் விளையாட்டே" என்றான்.

அன்றிரவு சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையை எடுத்து மீண்டும் படித்தேன். கோவலன் மதுரைக்கு வழி கேட்கிறான். மாங்காட்டு மறையவன் கூறும் விடையை நினைவுகூருங்கள். கொடும்பையைக் கடந்தால் வழி மூன்றாகப் பிரியும் என்கிறான். அந்தக் கொடும்பை, நமக்கு வடமேற்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள கொடும்பாளூர் என்பர். வலப்பக்கம் சென்றால் வறண்ட பாலைநிலமும் சிறுமலையும். இடப்பக்கம் சென்றால் வயலும் சோலையும் கடந்து திருமால் குன்றம். அங்கே ஒரு பிலம். பிலத்துள் வியத்தகு பொய்கைகள் மூன்று. நடுவழியில் ஊர்களும் காடுகளும் மாறிமாறி வரும். ஆனால் அங்கே இனிய உருவில் தோன்றி வழிப்போக்கரை மயக்கும் தெய்வம் ஒன்றுண்டு. மூன்று வழிக்கும் பயன் வேறு, இடர் வேறு. இவ்வழியே செல்க என்று மறையவன் கட்டளையிடவில்லை. அறிவித்துவிட்டு விலகிக்கொள்கிறான்.

அந்தப் பிலத்தின் வாயிலை எண்ணிப் பாருங்கள். வரோத்தமை என்பாள் வினாத் தொடுக்கிறாள். விடை சொன்னவர்க்கே கதவு திறக்கும். உள்ளே மற்றொருத்தியும் வினவுகிறாள். ஆனால் விடை கூறாவிட்டாலும் துன்பம் செய்யேன், உம்மைப் பழைய வழியிலேயே கொண்டு சேர்ப்பேன் என்கிறாள். அருமையும் உண்டு, தோற்றவர்க்கு அருளும் உண்டு. கவுந்தியடிகளோ அப்பொய்கைகளே நமக்கு வேண்டா என்று மறுத்து, நடுவழியே அழைத்துச் செல்கிறார். வேண்டா என்று மறுக்கும் உரிமை இருப்பதனால் அன்றோ அது தேடல் ஆகிறது? மறையவனின் எச்சரிக்கையும் வீண்போகவில்லை. நீர்நிலையருகே வசந்தமாலையின் உருவில் தெய்வம் வந்தபோது, கேட்ட சொல்லை நினைவில் வைத்திருந்த கோவலன் தப்பினான்.

இவ்விளையாட்டுகளின் வரலாற்றிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் வெளியான மாரோவிண்ட் என்னும் விளையாட்டில், செல்ல வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. ஊரார் வாயால்தான் வழி சொல்லுவார்கள். பாலத்தைக் கடந்து வடக்கே போ, பாறை பிளந்த இடத்தில் திரும்பு என்பது போல. சில வேளை தவறாகவும் சொல்லிவிடுவார்கள். ஆடுபவர் நிலத்தைப் பார்த்தாக வேண்டும். 2006இல் அதே நிறுவனம் ஒப்ளிவியன் என்னும் அடுத்த விளையாட்டை வெளியிட்டபோது, திசைகாட்டியில் குறி ஒன்றை வைத்தது. குறியை நோக்கி நடந்தால் போதும். மேலும், ஆடுபவர் வலிமை பெறப் பெற எதிரிகளும் வலிமை பெறுமாறு செய்தது. விளைவு என்ன? வழி தவறுவது குறைந்தது. வழியைப் பார்ப்பதும் குறைந்தது. எங்குச் சென்றாலும் ஏறத்தாழ ஒரே அளவு இடர். அஞ்ச வேண்டிய மலையும் இல்லை. அஞ்சிய மலைக்குத் திரும்பிவந்து வெல்லும் பெருமையும் மங்கியது. பலரும் அன்று இதனைக் குறையாகச் சொன்னார்கள்.

கடுமை ஒன்றே சிறப்பு என்று நான் வாதிட வரவில்லை. கண்மங்கியவர்க்கும் கைநடுங்குபவர்க்கும் உதவி வேண்டும். நாளெல்லாம் உழைத்து ஒரு மணி நேரம் ஓய்பவர்க்கும் அம்புக்குறி ஓர் அறமே. காரணமின்றி மறைப்பது புதிர். காரணத்தோடு மறைப்பது தேடல். இரண்டையும் பிரித்தறிவது கவிஞர்க்கும் கடமை.

நம் ஆற்றுப்படை நூல்கள் இக்கலையை நன்கறிந்தவை. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து, ஆற்றுப்படைகளே. மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் திறத்தைப் பாருங்கள். பன்றிக்குப் பொறி வைத்த வழியில் இருளில் செல்லாதீர். தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிவர், மரத்தின் மறைவில் செல்லுங்கள். வழுக்கும் இடத்தில் பற்றிக்கொள்ளுங்கள். இடரை அவர் மறைக்கவில்லை, அகற்றவும் இல்லை. அதற்கும் மேலே ஒரு சொல் சொல்லுகிறார். கவர்த்த வழிகளில், பின்னால் வரும் புதியவர் அறிய, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறார்.

இதைப் பேரனிடம் சொன்னபோது அவன் எழுந்து உட்கார்ந்தான். எல்டன் ரிங் விளையாட்டிலும், முன்னே சென்றவர்கள் தரையில் சிறுசிறு குறிப்புகளை எழுதிவைக்கலாமாம். 'முன்னே பள்ளம்' என்பது போல. முகமறியாத ஒருவர் எங்கோ இருந்து எழுதியது இவன் திரையில் ஒளிர்கிறது. சில குறிப்புகள் பொய், பல மெய். "புல் முடிச்சுதான் ஐயா இது" என்றான். நான் வாயடைத்துப் போனேன்.

இப்போது என் குறை ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். வகுப்பறையில் நான் அம்புக்குறி வைத்த ஆசிரியன். ஒரு பாடலைப் படித்து முடிக்கும் முன்பே திணை இது, துறை இது, கருத்து இது என்று கரும்பலகையில் எழுதிவிடுவேன். மாணவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள், மதிப்பெண்ணும் பெற்றார்கள். ஆனால் வழியில் என்ன பார்த்தாய் என்று பல்லாண்டு கழித்துச் சந்தித்த ஒருவனைக் கேட்டபோது, "ஒன்றும் நினைவில்லை ஐயா, நீங்கள் எழுதிப்போட்டது மட்டும் நினைவிருக்கிறது" என்றான். அன்பினால்தான் சொன்னான். எனக்கு அன்று உறக்கம் வரவில்லை.

எல்டன் ரிங்கை இயக்கிய ஹிடெடாகா மியாசாகி என்பார், சிறுவயதில் தமக்கு முழுதும் விளங்காத நூல்களைப் படித்து, விளங்காத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகக் கூறியிருக்கிறார். அந்த இடைவெளியிலிருந்தே அவருடைய கலை பிறந்தது. நானோ என் மாணவர்களுக்கு அந்த இடைவெளியே கிடைக்காதவாறு அடைத்துவிட்டேன்.

கவிஞர் பெருமக்களே, இந்தப் பத்தாண்டுகளில் நம் அரங்குகளில் ஒரு கவிதை படித்து முடித்தவுடன், இதன் பொருள் என்ன என்று கேட்பதும், கவிஞரே எழுந்து விளக்குவதும் வழக்கமாகிவிட்டது. இனி வரும் ஆண்டுகளில் அதனைச் சற்றே நிறுத்திப் பார்ப்போம். இளையவர் ஒருவர் வழி தெரியாமல் நின்றால், கையைப் பிடித்து இழுத்துச் செல்ல வேண்டா. வழி இல்லை என்று கைவிடவும் வேண்டா. பள்ளம் எங்கே என்று சொல்லுவோம். கவர்த்த இடத்தில் ஒரு புல்லை முடிந்துவைப்போம். நடப்பது அவர்தாமாக இருக்கட்டும்.

பேரன் ஊருக்குப் புறப்படும் முன் அந்தக் குதிரை வீரனை வென்றுவிட்டான். எப்படி என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.