சந்திக்கு வராத பாதை



வலையமைப்புப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "அண்ணா, வேர்ச்சுவல் லிங் எண்டால் என்ன? புத்தகத்தைப் படிச்சும் விளங்கேல்லை." இன்று அதைப்பற்றிக் கதைக்கப் போகிறேன். பெற்றோர் வானொலியை மூடிவிட வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் ஒரு விடயம் இருக்கிறது.

மொன்றியல் மெற்றோவை நினைத்துப் பாருங்கள். பச்சை, செம்மஞ்சள், மஞ்சள் ஆகிய மூன்று கோடுகளும் பெரி-யுகாம் நிலையத்தில் சந்திக்கின்றன. நீலக் கோடு மட்டும் அங்கே வருவதில்லை. பார்க் நிலையத்தில் ஏறும் நாங்கள் ஜோன்-தலோனில் இறங்கி, செம்மஞ்சள் கோட்டுக்கு மாறித்தான் பெரிக்குப் போகிறோம்.

பெரிய நிறுவனங்களின் வலையமைப்பில் ஓ.எஸ்.பி.எவ். என்ற முறை ஓடுகிறது. இன்றும் பயன்படும் அதன் இரண்டாம் பதிப்பின் விதிகள் 1998 இல் ஆர்.எவ்.சி. 2328 என்ற ஆவணமாக வந்தன. ஒவ்வொரு றவுட்டரும் தன் இணைப்புகளின் நிலையை மற்றவற்றுக்கு அறிவிக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே வரைபடத்தை வைத்திருக்கும். டைக்ஸ்ட்ரா என்ற ஒல்லாந்து அறிஞர் 1959 இல் வெளியிட்ட கணக்கின்படி ஒவ்வொன்றும் மிகக் குறைந்த செலவுள்ள பாதையைத் தெரிவு செய்யும்.

வரைபடம் பெருத்தால் றவுட்டருக்குச் சுமை கூடும். அதனால் வலையமைப்பை ஏரியாக்களாகப் பிரிப்பார்கள். ஏரியா 0 தான் நடுச்சந்தி. மற்ற எல்லா ஏரியாவும் அதைத் தொட வேண்டும். ஏன் இந்தக் கட்டுப்பாடு? தன் ஏரியாவின் வரைபடம் றவுட்டரிடம் இருக்கிறது. மற்ற ஏரியாக்களைப் பற்றி அதற்குத் தெரிந்தது காதால் கேட்ட செய்தி மட்டும்தான். காதால் கேட்டதை ஆளுக்காள் சொல்லிக்கொண்டு போனால் செய்தி சுற்றிச் சுற்றி வரும், தரவும் அதோடு சுற்றும். ஆகவே எல்லாச் செய்தியும் நடுச்சந்தி வழியாகவே போக வேண்டும்.

சரி, நீலக் கோடு போல ஒரு ஏரியா சந்தியைத் தொடாமல் நின்றால்? அப்போதுதான் வேர்ச்சுவல் லிங். இடையிலுள்ள ஏரியாவுக்கு ஊடாக, ஜோன்-தலோன் றவுட்டரையும் பெரி றவுட்டரையும் நேரே இணைந்தவைபோல ஆக்குகிறோம்.

பிள்ளைகள் நான்கு விடயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கட்டளை இரண்டு முனையிலும் வேண்டும். இரண்டு, கட்டளையில் வருவது இடை ஏரியாவின் இலக்கமும் எதிர்முனை றவுட்டரின் அடையாள எண்ணும். மூன்று, இடை ஏரியா ஸ்ரப் ஏரியாவாக இருக்கக் கூடாது. நான்கு, அந்த இணைப்பு ஏரியா 0 ஐச் சேர்ந்தது. அங்கே கடவுச்சொல் இருந்தால் இதற்கும் வேண்டும்.

ஐந்தாவதை நான் பட்டுத்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக் கடன் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் போட்ட வேர்ச்சுவல் லிங் நன்றாக வேலை செய்தது. பிறகு அந்த றவுட்டரில் புது இணைப்பொன்றைச் சேர்த்தேன். ஒருநாள் இரவு மின்சாரம் போய் வந்தது. காலையில் கடைசிக் கிளைக்கு ஒன்றும் போகவில்லை. நடுக் கிளை மட்டும் ஒழுங்காக இருந்தது. வயர்களிலும் பிழையில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். மத்தியானம்தான் பிடிபட்டது. அடையாள எண்ணை நாங்கள் கையால் கொடுக்காவிட்டால், பல றவுட்டர்கள் தம் முகவரிகளில் பெரியதையே எடுத்துக்கொள்ளும். மின்சாரம் வந்து மறுபடி தொடங்கியபோது என் றவுட்டர் புது முகவரியை எடுத்துவிட்டது. எதிர்முனை பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. பிழை என்னுடையது என்று மேலாளரிடம் சொன்னேன். வேலை போகவில்லை. அடையாள எண்ணைக் கையால் கொடுங்கள், பிள்ளைகள்.

அன்று மேலாளர் சொன்னார்: "இது ஊன்றுகோல். நேர் வயர் போடும்வரைதான்." அடுத்த ஆண்டு நேர் வயர் போட்டோம்.

இப்போது பெற்றோருக்கு. 1977 இன் மொழிச் சட்டத்தால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிரெஞ்சில் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான். பத்து வயதில் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் வைத்தியர் கேட்ட கேள்வியைத் தமிழில் அம்மாவிடம் கேட்க எனக்கு வெட்கம். "இல்லை" என்று நானே மறுமொழி சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அது தெரியாது. சரியான மருந்து கிடைக்க மேலும் ஒரு வருடம் போனது.

பிள்ளை வழியாகக் கதைப்பதைப் பிழை என்று சொல்லமாட்டேன். வந்த புதிதில் வேறு வழியில்லை. ஆனால் அதுவும் ஊன்றுகோல்தான். என் அம்மா நாற்பத்தைந்து வயதில் பின்னேர வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தா. பிறகு வைத்தியரிடம் தனியவே போனா. பெரியவர்களுக்கான பிரெஞ்சு வகுப்புகளுக்கு 2023 ஜூனிலிருந்து பிரான்சிசாசியோன் கெபெக் என்ற ஒரே வாசல் இருக்கிறது. பதிவதற்குப் பிள்ளையின் உதவியைக் கேளுங்கள். அது கடைசி உதவியாக இருக்கட்டும்.